இனியா என்று மூன்று தடவை

திருப்பாதிரிப்புலியூர்
30.11.2006

மச்சான் மணவாளனுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நல்லாத்தான் இருப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வளைகாப்பில் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனவன், பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் நாலு பரோட்டா சாப்பிட்டதைப் பார்த்த ஆள் இருக்கிறது. முப்பது வருஷம் கடலூர் – சிதம்பரம் லைனில் கண்டக்டராக இருந்தவன் நான். இந்த ரூட்டில் எல்லா ஸ்டாப்பிங்கிலும் எனக்குக் கண் உண்டு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது மன்னிப்புக் கடிதம் இல்லை.

போன் பண்ணலாமே என்பாய். குரல்வளையை எடுத்துவிட்டவன் போனை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? நீ பேச, நான் சிலேட்டில் எழுத, உன் அக்கா அதைப் படித்து உனக்குச் சொல்ல வேண்டும். மாரியம்மாள் சொன்னால் நான் எழுதாத நாலு வார்த்தை சேரும், எழுதியதில் இரண்டு காணாமல் போகும். திங்கட்கிழமை 'அவன் ஒரு மடையன்' என்று எழுதிக் கொடுத்தேன். உன்னிடம் "மாமா உன்னை ரொம்ப விசாரிச்சாருடா" என்றாள். பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அதனால் தபால். நீயும் தபாலிலேயே பதில் போடு.

அன்றைக்கு நடந்தது என்ன? யாராவது என்னைப் பார்த்து "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், நான் பலப்பத்தை எடுப்பதற்குள் நீ பதில் சொல்கிறாய். "பரவாயில்ல, கஞ்சி குடிக்கிறாரு." யார் கஞ்சி குடிக்கிறது? அன்றைக்குக் காலையில் ஆறு இட்லி சாப்பிட்டேன். சரி, அதையும் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் சபை நடுவில் எழுந்து நின்று, "கொழந்தைக்குப் பேர் வெக்கிற அன்னிக்கு மாமாவால முடியாது, காதுல நானே கூப்பிட்டுடுறேன்" என்கிறாய். உன்னை யார் கேட்டது? அதனால்தான் 'வெளியே போ' என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். எழுத்து பெரிதாக இருந்தது உண்மை. எல்லோருக்கும் தெரியட்டும் என்றுதான் பெரிதாக எழுதினேன்.

இசைவாணி எனக்கு மகள், உனக்கு மருமகள். இளவரசு உனக்கு மகன், எனக்கு மருமகன். பிறக்கப்போவது இரண்டு பேருக்கும் பேரப்பிள்ளை. தாய்மாமன் மடியில் வைத்துக் காதில் மூன்று தடவை பேர் சொல்வது நம் வழக்கம். இசைக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. அந்த இடத்தில் நான்தான் உட்கார வேண்டும், உட்காரத்தான் போகிறேன். வாரத்துக்கு இரண்டு நாள் புதுச்சேரிக்குப் போய்ப் பேசக் கற்றுக்கொள்கிறேன். சொல்லிக் கொடுக்கிறவர் அந்தோணிசாமி. அவருக்கும் என்னைப்போல கழுத்தில் ஓட்டைதான், ஒன்பது வருஷம் ஆகிறது. மார்க்கெட்டில் மீன்காரியிடம் பேரம் பேசுகிறார், நான் காதால் கேட்டேன். அவரால் முடிந்தால் என்னாலும் முடியும்.

உன் எவர்சில்வர் தூக்கு இங்கேயே இருக்கிறது.

பொன்னுரங்கம்


சிதம்பரம்
5.12.2006

அனுப்புநர்: மணவாளன், மனு எழுதுபவர், தாலுகா ஆபீஸ் வாசல்.
பெறுநர்: என் அக்காள் வீட்டுக்காரர் அவர்கள்.
பொருள்: 'வெளியே போ' என்ற உத்தரவை மறுபரிசீலனை செய்யக் கோருதல்.
பார்வை: தங்களின் 30.11.2006 தேதியிட்ட, மன்னிப்புக் கடிதம் அல்லாத கடிதம்.

அன்புள்ள மாமாவுக்கு,

கோபித்துக்கொள்ளாதீர்கள். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான் எழுதுகிறேன், கை வேறு மாதிரி எழுத மறுக்கிறது.

பரோட்டா சாப்பிட்டது உண்மை. நாலு இல்லை, மூன்று. வளைகாப்புச் சாப்பாட்டில் மாங்காய் சாதமும் எலுமிச்சை சாதமும் இலையில் வைத்ததைப் பார்த்துவிட்டு எழுந்து போகிறவனுக்கு எப்படி இருக்கும்? சொந்தக்காரர்கள் முப்பது பேர் முன்னால் சிலேட்டில் எழுதி என்னைத் துரத்தினீர்கள். வாயால் திட்டியிருந்தால் காற்றோடு போயிருக்கும். நீங்கள் அதை அழிக்காமல் அப்படியே சன்னலில் சாத்தி வைத்ததாகவும், பந்தி முடியும்வரை எல்லோரும் படித்துக்கொண்டே சாப்பிட்டதாகவும் இளவரசு சொன்னான்.

நான் உங்களுக்காகப் பேசுவது தப்புதான். என் தொழில் அப்படி. எதிரில் வந்து நிற்கிறவர் "ஐயா, எங்க அப்பா செத்து..." என்று ஆரம்பிக்கும்போதே நான் வாரிசுச் சான்றிதழ் மனுவில் பாதி எழுதியிருப்பேன். அவர்கள் சொல்ல முடியாததை நான் சொல்வதற்குத்தான் கூலி. அதே பழக்கத்தில் உங்களுக்கும் செய்துவிட்டேன்.

ஆனால் மாமா, இன்னொன்றும் இருக்கிறது. ஏப்ரல் மாதம் ஆப்பரேஷன் தியேட்டர் வாசலில் உங்களை வண்டியில் தள்ளிக்கொண்டு போகும்போது அக்கா அழுதுகொண்டு கோடியில் நின்றாள். நான்தான் பக்கத்தில் வந்தேன். உங்கள் சொந்தக் குரலில் நீங்கள் கடைசியாகப் பேசியது என்னிடம்தான். ஞாபகம் இருக்கிறதா? "சில்லறையா வெச்சிக்கடா, கேன்டீன்ல நோட்டு குடுத்தா சிடுசிடுங்கறான்." அவ்வளவுதான். கதவு மூடிவிட்டது. நான் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து உங்களுக்குப் பேசக் கஷ்டம் வருகிற இடத்தில் எல்லாம் என் வாய் தானாகத் திறந்துகொள்கிறது. என்ன செய்ய?

பேர் கூப்பிடுவதில் பிடிவாதம் வேண்டாம். அவ்வளவு பேர் முன்னால் வரவில்லை என்றால் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. உங்களுக்கு என்ன, நீங்கள் தாங்கிக்கொள்வீர்கள்.

தூக்கு அங்கேயே இருக்கட்டும். வாங்க வருகிற சாக்கில் ஒரு நாள் வருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
மணவாளன்


திருப்பாதிரிப்புலியூர்
10.1.2007

மச்சானுக்கு,

பொங்கல் வாழ்த்து. சிதம்பரத்தில் கரும்பு நன்றாக இருந்தால் ஒரு கட்டு பஸ்ஸில் போட்டு அனுப்பு. பஸ் முதலாளி ராமாமிர்தம் என்னை இப்போது டைம் கீப்பராகப் போட்டிருக்கிறார், பஸ் ஸ்டாண்டில்தான் இருப்பேன். மூச்சு கழுத்து வழியாகப் போவதால் விசில் ஊத முடியாது. தகரத்தில் ஒரு கம்பியால் இரண்டு தட்டு தட்டினால் வண்டி கிளம்பிவிடுகிறது. முப்பது வருஷம் தொண்டை கிழியக் கத்தியிருக்க வேண்டாம் போலிருக்கிறது.

இப்போது முக்கியமான சேதி. பேச்சு வந்துவிட்டது. முழுசாக இல்லை, கொஞ்சம்.

அந்தோணிசாமி சொல்லிக் கொடுக்கிற முறை இது. காற்றை வாயால் உள்ளே இழுத்து உணவுக்குழாயில் இறக்க வேண்டும், அதை ஏப்பமாகத் திருப்ப வேண்டும், அந்த ஏப்பம் போவதற்குள் அதில் சொல்லை ஏற்றிவிட வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் ஆள் ஏற்றுகிற மாதிரிதான். ஏப்பம் வராத நாளில் கண்ணாயிரம் கடை கோலி சோடா. ஒரு மாதத்தில் நான் குடித்த சோடாவில் கண்ணாயிரம் கடைக்குப் புதுப் பலகை மாட்டிவிட்டான். சபையில் ஏப்பம் விடாதீர்கள் என்று முப்பது வருஷமாக என்னைத் திட்டிய உன் அக்கா, இப்போது எதிரில் உட்கார்ந்து "இன்னொண்ணு விடுங்க, இன்னொண்ணு" என்கிறாள்.

முதலில் வந்தது 'பா'. அப்புறம் கா, டா, தா. உதட்டையோ நாக்கையோ அடைத்து வெடிக்கிற எழுத்து எல்லாம் சுலபம், அதுவே காற்றை உள்ளே தள்ளிவிடுகிறது. பண்ருட்டி வருகிறது. பரங்கிப்பேட்டை தடபுடலாக வருகிறது. உயிரெழுத்தில் ஆரம்பித்தால்தான் தகராறு. ஆலப்பாக்கம் என்று சொன்னால் 'பாக்கம்' மட்டும்தான் வருகிறது. மாரி என்று கூப்பிட்டால் பாரி என்று வருகிறது. அவள் அதற்கும் திரும்பிப் பார்க்கிறாள்.

இசை என்று மட்டும் வரவில்லை. பெற்ற மகளைக் கைதட்டித்தான் கூப்பிடுகிறேன். நிறைமாதக்காரி, ஒவ்வொரு தட்டுக்கும் எழுந்து வருகிறாள். அது ஒன்றுதான் குறை.

இன்னொன்று. மூக்கு வழியாகக் காற்றுப் போகாததால் வாசனையே தெரியாமல் இருந்தது. வாயை மூடிக்கொண்டு கொட்டாவி விடுகிற மாதிரி தாடையை இறக்கினால் கொஞ்சம் காற்று மூக்கில் ஏறும் என்று அந்தோணிசாமி சொன்னார். போன வியாழக்கிழமை அடுப்படி வாசலில் நின்று செய்து பார்த்தேன். ஒன்பது மாதம் கழித்து நெத்திலிக் கருவாட்டு வாசனை. அங்கேயே நின்று அழுதேன். உன் அக்கா கருவாடு தீய்ந்துவிட்டதோ என்று பார்த்தாள்.

பீடி ஞாபகமே வரவில்லை. கேட்பாய் என்று எழுதுகிறேன்.

பொன்னுரங்கம்


சிதம்பரம்
3.3.2007

அன்புள்ள மாமாவுக்கு,

பேத்தியைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் இல்லை. ஆஸ்பத்திரியில் நாம் இரண்டு பேரும் தொட்டிலின் இரண்டு பக்கம் நின்றும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நான் எங்கே வாயைத் திறந்தால் உங்களுக்குக் கோபம் வருமோ என்று பயந்தேன். நீங்கள் ஏன் பேசவில்லை என்று தெரியாது. என் தோளில் கை வைத்தீர்கள், அது போதும்.

எழுத வந்த காரியம் வேறு. நம் ஜோசியர் கலியமூர்த்தியிடம் ஜாதகம் கணிக்கக் கொடுத்தேன். பிப்ரவரி 24, கிருத்திகை நட்சத்திரம். பேர் 'ப', 'க', 'த' இந்த எழுத்துகளில்தான் ஆரம்பிக்க வேண்டுமாம். வேறு எழுத்து கூடவே கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். நான் சில பேர்கள் யோசித்து வைத்திருக்கிறேன்: பொன்னி, பூங்கொடி, கயல், தாமரை, கோதை, பாப்பாத்தி. கடைசிப் பேர் சும்மா எண்ணிக்கைக்கு.

பொன்னி எப்படி? பொன்னுரங்கத்தின் பேத்தி பொன்னி. யாருக்கும் சந்தேகமே வராது.

மே 20 ஞாயிற்றுக்கிழமை குழந்தையை இங்கே கொண்டுவந்து விடுகிற அன்றே பேர் வைத்துவிடலாம். நாள் நன்றாக இருக்கிறது, இதை நிஜமாகவே பார்த்தேன்.

மணவாளன்


திருப்பாதிரிப்புலியூர்
9.3.2007

மணவாளனுக்கு,

'யாருக்கும் சந்தேகமே வராது', 'இதை நிஜமாகவே பார்த்தேன்' என்று எழுதுகிறவன் பொய் சொல்ல லாயக்கில்லாதவன். உன்னிடம் மனு எழுதிக்கொள்கிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

என் வீட்டிலும் பஞ்சாங்கம் இருக்கிறது. கிருத்திகைக்கு அ, இ, உ, ஏ. நாலும் உயிரெழுத்து. நீ எழுதிய ப, க, த எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று யோசித்தேன். ஜனவரியில் நானே உனக்கு எழுதியது! என் வாய்க்கு எது வரும் என்று பார்த்து என் பேத்தியின் நட்சத்திரத்தையே மாற்றியிருக்கிறாய். பாவம் கலியமூர்த்தி, அவருக்கு இது தெரியுமா?

இசையைக் கூப்பிட்டுச் சிலேட்டில் கேட்டேன், நீங்கள் இரண்டு பேரும் என்ன பேர் நினைத்திருந்தீர்கள் என்று. சொல்ல மாட்டேன் என்றாள். மறுபடி கேட்டேன். "இனியாப்பா. ஆனா வேணாம், மாமா சொன்ன பேரே வெச்சிடலாம்" என்று தலையைக் குனிந்துகொண்டாள். பெற்றவள் ஒன்பது மாதம் மனசில் வைத்திருந்த பேரை எனக்காக விடுகிறாளாம். இதை நான் உயிரோடு இருந்து பார்க்க வேண்டுமா?

நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, எனக்குத் தெரியும். இரண்டு நாள் கோபமாக இருந்தேன், மூன்றாம் நாள் சிரிப்பு வந்துவிட்டது. கழுத்து வழியாகச் சிரித்தால் எப்படி இருக்கும் என்று நீ கேட்டதில்லை, சைக்கிளுக்குக் காற்று அடிக்கிற சத்தம்.

ஆனாலும் கேட்டுக்கொள். எனக்கு வசதியாக வீட்டில் எல்லாம் மாறிவிட்டது. தலையணை உயரமாகிவிட்டது. குளிக்கும்போது கழுத்தில் தண்ணீர் போகாமல் துணி. உன் அக்கா சட்டைக்கு ஏற்ற கலரில் கழுத்துக்கு மறைப்பு தைத்துப் போடுகிறாள், மாப்பிள்ளை மாதிரி இருக்கிறேன். அதெல்லாம் சரி. ஒரு குழந்தையின் பேர் எனக்காக மாறக் கூடாது. அவள் இனியாதான். நான்தான் கூப்பிடுவேன்.

பொன்னுரங்கம்


சிதம்பரம்
20.3.2007

பொருள்: குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல்.

அன்புள்ள மாமாவுக்கு,

கலியமூர்த்திக்கு எதுவும் தெரியாது. அவரிடம் நான் போகவே இல்லை. இப்போது அவர் கடைப் பக்கம் போகும்போது தெருவின் அந்தப் பக்கமாக நடக்கிறேன்.

இசை அழுததாக இளவரசு சொன்னான். என் தங்கமான மருமகளை, நான் தூக்கி வளர்த்த பெண்ணை, அழ வைத்துவிட்டேன். போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க மாமா, நீங்க பொய் சொன்னது எனக்கு அன்னிக்கே தெரியும்" என்கிறாள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சோடாவைக் குடித்துவிட்டு, ஏப்பத்தில் 'இனியா' என்று சொல்லிப் பார்த்தேன். சோடா மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னொரு சோடா. அதிலும் வரவில்லை. மூன்றாவதில் வாந்தி. அந்தப் பேரில் பிடித்துக்கொள்ள ஒரு எழுத்துகூட இல்லையே மாமா! எல்லாம் வழுக்கிக்கொண்டு போகிறது. எல்லாம் நல்லபடியாக இருக்கிற எனக்கே இப்படி. நீங்கள் இதைத்தான் தினமும் செய்கிறீர்களா? எனக்குத் தெரியாது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பயம் போகவில்லை. நூறு பேர் இருப்பார்கள். யாராவது சிரித்துவிட்டால் நான் அடித்துவிடுவேன், அப்புறம் விசேஷம் போலீஸ் ஸ்டேஷனில் முடியும். நான் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள். சொல்கிறபடி செய்கிறேன்.

மணவாளன்


திருப்பாதிரிப்புலியூர்
6.5.2007

மச்சானுக்கு,

முதலில் நல்ல சேதி. போன வாரம் செக்கப். கேமரா விட்டுப் பார்த்தார்கள், சுத்தமாக இருக்கிறதாம். டாக்டர் "பேசுங்க பார்க்கலாம்" என்றார். "பசிக்குது டாக்டர், போகட்டுமா?" என்றேன். சிரித்துவிட்டார். நர்ஸுகள் எல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

கெட்ட சேதியையும் எழுதிவிடுகிறேன். இனியா வரவில்லை.

காதில் கூப்பிடுகிறவரைக்கும் அந்தப் பேர் குழந்தைக்குக் கேட்கக் கூடாது இல்லையா? அதனால் வீட்டில் பழக முடியாது. காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்விடுகிறேன். அங்கே நின்று கடலைப் பார்த்து இனியா, இனியா என்று கூப்பிட்டால் 'னியா' என்று வருகிறது, இல்லாவிட்டால் வெறும் காற்று. பத்துக்கு ஒரு தடவை முழுசாக வரும். நேற்று முழுசாக வந்தபோது ஒரு நாய் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. அதற்கு அந்தப் பேர் பிடித்துவிட்டது போலிருக்கிறது. வலை காய வைக்கிறவர்கள் என்னை ஏதோ வேண்டுதல்காரன் என்று நினைத்து வழி விடுகிறார்கள்.

பத்துக்கு ஒன்று. எனக்கு வேண்டியது மூன்று. கணக்கு சரியில்லை மச்சான். இதை உன் அக்காவிடம் சொல்லவில்லை, இசையிடமும் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது என்று எழுதுவது இதுதான் முதல் தடவை. ஆப்பரேஷனுக்கு முன்னாடிகூட நான் இப்படிப் பயப்படவில்லை. அன்றைக்குப் போனால் என் உயிர்தானே. இது அந்தக் குழந்தை முதன்முதலாகக் கேட்கிற அவள் பேர்.

நீ கேட்டாய், என்ன செய்ய வேண்டும் என்று. இரண்டு விஷயம்.

ஒன்று: என் பக்கத்தில் உட்கார். எவ்வளவு நேரம் ஆனாலும், நான் திணறினாலும், ஜனம் முணுமுணுத்தாலும், நீ வாயைத் திறக்கக் கூடாது. என் சொல்லை நீ முடித்துவைக்கக் கூடாது.

இரண்டு: இனிமேல் முடியாது என்று எனக்கே தோன்றினால் உன் தோளில் கை வைப்பேன். அப்போது நீ குனிந்து கூப்பிட்டுவிடு. வேறு யார் கூப்பிட்டாலும் எனக்கு வருத்தமாக இருக்கும். நீ கூப்பிட்டால் பரவாயில்லை.

வளைகாப்பு அன்று எழுதியதற்கு வருத்தப்படுகிறேன். இது மன்னிப்புக் கடிதம்.

பொன்னுரங்கம்


சிதம்பரம்
23.5.2007

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் எல்லோரும் கிளம்பிப் போய் மூன்று நாள் ஆகியும் வீட்டில் இதே பேச்சுதான். பேத்தி தூங்குகிறாள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள், அதனால் நான் பார்த்ததை எழுதுகிறேன்.

வாயைத் திறக்கக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். என் வாயை நான் நம்பவில்லை. அதனால் நீங்கள் குழந்தையை மடியில் வாங்கியதும், பந்திக்கு வைத்திருந்த தட்டிலிருந்து ஒரு முழு லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். பெரிய சைஸ். மெல்லவும் முடியாது, பேசவும் முடியாது. வேண்டுமென்றுதான் போட்டேன்.

முதல் தடவை வெறும் காற்று. கழுத்துத் துணி ஆடியது. அந்தக் காற்று கன்னத்தில் பட்டுக் குழந்தை கண்ணைச் சிமிட்டினாள். இரண்டாவது தடவை 'யா' மட்டும். பின்வரிசையில் யாரோ செருமினார்கள். நான் திரும்பி முறைத்தேன், கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டிருந்ததால் ரொம்பப் பயங்கரமாக இருந்திருக்கும், அப்புறம் யாரும் செருமவில்லை. மூன்றாவது, நாலாவது இரண்டிலும் ஒன்றும் இல்லை. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இசை உங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் உங்கள் கை என் தோளில் வந்து விழுந்தது.

மாமா, சத்தியமாகச் சொல்கிறேன், நான் கூப்பிடத்தான் பார்த்தேன். குனிந்தேன். வாயில் லட்டு! விழுங்கப் பார்த்தால் இறங்கவில்லை. துப்பலாம் என்றால் எங்கே துப்புவது, நூறு பேர் பார்க்கிறார்கள். முந்திரி வேறு தொண்டையில் மாட்டிக்கொண்டது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நான் உங்களைப் பார்த்தேன். அப்புறம் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு காற்றை இழுத்தீர்கள்.

இனியா.

கரகரவென்று, ஆனால் முழுசாக. பின்வரிசைவரை கேட்டது. உடனே இன்னொரு தடவை. அப்புறம் மூன்றாவது, அது ரொம்ப மெதுவாக, எனக்கும் குழந்தைக்கும் மட்டும். அவள் சிரித்தாள், பார்த்தீர்களா? மூன்று மாதக் குழந்தை அப்படிச் சிரிக்குமா? ஜனம் கைதட்டியது உங்களுக்குக் கேட்டிருக்கும். நான் தட்டவில்லை. அக்கா என் முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள், எனக்குப் புரையேறிவிட்டது.

இப்போது ஒன்று கேட்க வேண்டும். மூன்று நாளாக மனசை அரிக்கிறது. அந்தக் கை, நீங்கள் கொடுத்த சைகையா? இல்லை, சும்மா பிடிமானத்துக்கு வைத்ததா? சைகை என்றால் நான் உங்களைக் கைவிட்டவன் ஆகிவிடுவேன்.

மணவாளன்


திருப்பாதிரிப்புலியூர்
28.5.2007

மச்சானுக்கு,

சைகைதான். நான் தோற்றுப்போய்த்தான் கை வைத்தேன்.

உன்னைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு வருஷமாக நான் வாயைத் திறக்கும் முன்னால் பதில் சொல்கிற ஆள், கன்னம் இரண்டும் உப்ப, கண் பிதுங்க, ஒரு வார்த்தை வராமல் முழிக்கிறாய். நான் எட்டு மாதம் சிலேட்டும் கையுமாக நின்றபோது என் மூஞ்சியும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று தோன்றியது. சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் காற்று உள்ளே இறங்கிவிட்டது. அந்தக் காற்றில்தான் முதல் இனியா ஏறினாள். மற்ற இரண்டும் அதன் பின்னாலேயே வந்துவிட்டன.

அதனால் நீ கைவிடவில்லை. ஆனால் இந்த விஷயத்தை ஊரில் சொல்லாதே. நான் பயிற்சி செய்து ஜெயித்ததாகத்தான் அந்தோணிசாமியிடம் சொல்லியிருக்கிறேன்.

நேற்று 'இசை' வந்தது. நாலாவது தடவையில். போனில்தான் கூப்பிட்டேன். "அப்பா, இன்னொரு தடவை" என்றாள்.

பொன்னுரங்கம்


சிதம்பரம்
18.6.2010

அன்புள்ள மாமாவுக்கு,

போனில்தான் தினமும் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். இது போனில் சொல்கிற விஷயம் இல்லை. எழுத்தில் இருக்க வேண்டியது.

இந்த வாரம் இனியாவை எல்.கே.ஜி.யில் சேர்த்தோம். முதல் நாள் அழவே இல்லை. இரண்டாம் நாள் மிஸ் இசையைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நானும் கூடப் போனேன். மிஸ்ஸுக்கு முகமே சரியில்லை. "உங்க பொண்ணுக்குத் தொண்டையில ஏதாவது ப்ராப்ளம் இருக்குதா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்றார்கள். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டில் காலையிலிருந்து ராத்திரிவரை கணீரென்று பேசிக்கொண்டேதான் இருக்கிறாள்.

மிஸ் அவளைக் கூப்பிட்டு, "உன் பேர் சொல்லு" என்றார்கள்.

மாமா, உங்கள் பேத்தி கைகட்டி நேராக நின்றாள். வாயை மூடிக் காற்றை ஒரு முழுங்கு முழுங்கினாள். அப்புறம் ஏப்பத்தில், உங்கள் குரலில், அப்படியே உங்கள் குரலில், "இனியா" என்றாள்.

இசை சுவரைப் பிடித்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. நான் குனிந்து, "ஏம்மா, நல்லாத்தானே பேசுவ, பேரை மட்டும் ஏன் இப்படிச் சொல்ற?" என்று கேட்டேன். என்னை ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "பேரை அப்டித்தான் சொல்லணும். கடலூர்த் தாத்தா அப்டித்தான் எனக்குச் சொன்னாரு."

மிஸ்ஸுக்கு என்ன விளக்கம் கொடுப்பது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டோம். இருபத்தாறு வருஷம் மனு எழுதுகிறவனுக்கு இதற்கு ஒரு வரி வரவில்லை. நீங்களே சொல்லுங்கள்.

மணவாளன்


திருப்பாதிரிப்புலியூர்
21.6.2010

மச்சானுக்கு,

உன் கடிதத்தை உன் அக்கா இரண்டு தடவை சத்தமாகப் படித்தாள். மூன்றாம் தடவை நானே படித்துக் காட்டினேன், ஏப்பத்தில், முழுசாக. நடுவில் ஒரு சோடா.

மிஸ்ஸுக்கு மனு எதுவும் எழுத வேண்டாம். வியாழக்கிழமை முதல் வண்டியில் வருகிறேன். பள்ளிக்கூடத்துக்கு நானே வந்து, அது வியாதி இல்லை, அவள் பேர் எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆரம்பித்தது என்று வாயால் சொல்கிறேன். கொஞ்சம் நேரம் பிடிக்கும், மிஸ் காத்திருக்கட்டும்.

நீயும் கூட வா. வரும்போது வாயில் ஒரு லட்டு போட்டுக்கொண்டு வா.

பொன்னுரங்கம்